நூற்றிருபது வரை

செக்காலை ரோட்டில் பாத்திரக் கடைக்கு மேலே
எங்கள் பல் மருத்துவமனை.
பாதிப்படி ஏறும்போதே பிள்ளைகள்
வாயைப் பூட்டிக்கொண்டுவிடுவார்கள்.

என் வேலை சின்னது.
கையுறையின் சுண்டுவிரலை வெட்டித்
தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு
முந்தின ராத்திரியே ஃப்ரீசரில் வைப்பது.
காலையில் திறந்தால்
யாருடையவை என்று தெரியாத எட்டு விரல்கள்
விறைத்துக் கிடக்கும்.

ஊசி இறங்கப்போகிற ஈறின் மேல்
ஒன்றை வைத்துப் பிடிக்க வேண்டும்,
நூற்றிருபது எண்ணும் வரை.
டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார்.
நான் வாய்விட்டு எண்ணுவேன்,
பயந்த பிள்ளைக்கு முள் நகர்வது தெரியாது.

இன்று ராத்திரி இரண்டு மணிக்கே
டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம்.
நாற்காலியையும் விளக்கையும் இன்வெர்ட்டர் தாங்கும்,
ஃப்ரீசரைத் தாங்காது.
எட்டு விரலும் தொளதொளவென்று,
வெகுநேரம் துணி துவைத்த கைபோல.

பதினொரு மணிக்கு உமையாள் வந்தாள்.
பள்ளத்தூர், ஏழு வயது,
மேல் கடைவாயில் சொத்தை.
மூன்று நாளாகத் தேன்குழலைப்
பாலில் ஊறவைத்துத் தின்கிறாளாம்.
அவள் அம்மா அதற்குள்
நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாயிற்று.

"அக்கா, வலிக்குமா?"

வலிக்காது என்று சொல்ல
இந்த அறையில் யாருக்கும் அனுமதி இல்லை.
"இரு, வந்துடறேன்" என்றேன்.

கீழே நன்னாரி சர்பத் கடை.
நாகூர்கனி அண்ணன் சாக்கை விலக்கி
மரக்கட்டையால் பாளத்தைத் தட்டிக்கொண்டே
"யாருக்கு அடிபட்டுச்சு?" என்றார்.
"யாருக்கும் இல்ல அண்ணே. இனிமேதான்."
ஒரு நொடி தட்டுவதை நிறுத்திவிட்டு
பெரிய துண்டாகப் பார்த்துக் கொடுத்தார்.
காசு வாங்கவில்லை.

படி ஏறுவதற்குள் கால்வாசி சொட்டிப் போனது.
மீதியைக் கழுவி உடைத்து
புதுக் கையுறை விரலுக்குள் தள்ளி
இறுக்கி முடிந்து, துடைத்து,
கோணல்மாணலாக ஒரு விரல்.

"முதல்ல சில்லுனு இருக்கும்.
அப்புறம் எரியற மாதிரி இருக்கும்.
அப்புறம் அந்த இடமே உன்னோடது இல்லாத மாதிரி."
தலையாட்டினாள்.

ஒன்று. இரண்டு.
இருபதில் கண்ணோரம் நீர்.
ஐம்பதில் தோள் இறங்கியது.
எழுபத்தெட்டை நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்,
திறந்த வாயோடு தொண்டைக்குள்ளிருந்து
"ம்ஹும்" என்றாள்.
எழுபத்தொன்பது, மன்னித்துக்கொள்.

நூற்றிருபதில் நான் விலக
டாக்டரின் கை நுழைந்தது.
நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெருவிரல் ஒருமுறை மடங்கியது.
பிறகு நிமிர்ந்தது.

சுவரில் ஆறு முகம் வரைந்த படம் இருக்கிறது,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்.
எது உன் வலி என்று காட்டச் சொன்னோம்.
இரண்டாவதைத் தொட்டாள்.
அவள் அம்மா நம்பவில்லை,
ஆறாவதைத் தொட்டவர்போல் நின்றார்.

எல்லா நாளும் இப்படி இல்லை.
போன வெள்ளிக்கிழமை கோட்டையூர்ப் பையன்
பனிவிரலைக் கடித்துப் பிய்த்து
தண்ணீரை என் மேல் துப்பிவிட்டு
அப்படியேதான் அழுதான்.
குளிருக்கும் ஓர் எல்லை உண்டு.
அதற்கு அப்பால் டாக்டரும் நானும்
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறோம்.

எனக்கு எட்டு வயதில்
தேவகோட்டையில் பல் பிடுங்கினார்கள்.
காலை ஒருவர், தலையை ஒருவர்
அமுக்கிப் பிடித்தார்கள்.
அப்போதும் ஊரில் ஐஸ் இருந்தது,
மீன் கூடையில்,
கல்யாண வீட்டு சோடா பாட்டில்களுக்கு நடுவில்.
யாருக்கும் தோன்றவில்லை,
அவ்வளவுதான்.

கரண்ட் வந்தபோது மணி நாலு.
நாளைக்கு எட்டு விரல் ஊற்றி வைத்துவிட்டு
கடைசி ஆளாகப் படி இறங்கினேன்.

பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறை
விரலிடுக்கில் நழுவி விழுந்தது.
கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும்
இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.
ஒன்று, இரண்டு என்று
எண்ணிக்கொண்டே வருகிறேன்,
அரியக்குடி தாண்டுவதற்குள்
வந்துவிடும்.